இடுக்கியால் எடுத்த கடற்பஞ்சு

உங்களுக்குத் தெரியும் சார். தெரிந்தும் சொல்லவில்லை. என் அக்கா வீட்டுக்காரரின் வலது கண் உங்களால் போனது.

சிதம்பரத்தில் நீங்கள் நடத்தும் விலங்கியல் டியூஷனில் நான் நாலு வருடம் வேலை பார்த்தேன். பெஞ்சு துடைப்பேன், ஜெராக்ஸ் எடுத்து வருவேன், புட்டிகளில் பெயர் ஒட்டுவேன். மாணவர்களுக்குக் காட்டக் கடற்பஞ்சு வேண்டும் என்று ஒரு நாள் கேட்டீர்கள். நான் கடலூர் பக்கத்து மீனவ ஊர்க்காரன். அக்கா வீட்டுக்காரரான மாமா போட்டில் போகிறவர். அவரிடம் சொன்னேன்.

"இன்னா மச்சான், உங்க சாரு மீனு துன்ன மாட்டாரா? வலையில வர்ற குப்பையக் கேக்குறாரு?"

"பசங்களுக்குப் பாடம் நடத்தணுமாம் மாமா."

"எடுத்துக்கினு போ. கடல்ல திருப்பிக் கொட்டுற வேலை மிச்சம்."

முதல் தடவை ஈரமாகவே வாளியில் கொண்டு வந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டீர்கள். "நாத்தம் தாங்கல. அடுத்த வாட்டி காயவச்சு, தூசி இல்லாம கொண்டா" என்றீர்கள். அதை அப்படியே மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

எங்கள் ஊரில் காயவைத்த பொருளைத் தட்டித்தான் மூட்டை கட்டுவோம். இரண்டு கருவாட்டை எடுத்து ஒன்றோடு ஒன்று அடித்தால் மணலும் உப்பும் உதிரும். ஒட்டியிருப்பதை வாயால் ஊதிவிடுவோம். மாமா கடற்பஞ்சையும் அப்படித்தான் தட்டினார். குந்தி உட்கார்ந்து, முகத்துக்கு நேரே பிடித்து ஊதினார். வெள்ளையாகத் தூள் பறந்தது. உப்பு என்று நினைத்தார். கண் உறுத்தியதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து அழுத்தித் துடைத்தார். தட்டிய கையைத் துடைத்திருந்ததும் அதே துண்டில்தான்.

நான் சாக்கை எடுக்கப் போனபோது கண் சிவந்திருந்தது. "தூசி மச்சான். கடல் தண்ணி பட்டா சரியாப்பூடும்" என்றார்.

சாக்கை உங்களிடம் கொடுக்கும்போது அதையும் சொன்னேன். இதைத் தட்டும்போது மாமா கண்ணில் தூசி விழுந்து சிவந்திருக்கிறது என்றேன். "அப்படியா, கழுவச் சொல்லு" என்று சொல்லிவிட்டு விடைத்தாளைத் திருத்தப் போய்விட்டீர்கள்.

இரண்டு நாள் கழித்து வகுப்பு. நான் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நீங்கள் கையுறை போட்டீர்கள். கண்ணுக்குப் பெரிய கண்ணாடி மாட்டினீர்கள். மாமா தட்டிக் கொடுத்த கடற்பஞ்சை இடுக்கியால் எடுத்தீர்கள்.

"யாரும் கையால தொடாதீங்க. இதுக்கு எலும்பு கிடையாது. உள்ள பூரா கண்ணாடி ஊசி, ஸ்பிக்யூல்னு பேரு. காஞ்சா தூளாப் பறக்கும், கண்ணுல பட்டா ஆபத்து."

நுண்ணோக்கியில் காட்டினீர்கள். இரண்டு பக்கமும் கூரான ஊசிகள், நங்கூரம் போன்றவை, நட்சத்திரம் போன்றவை. சேனைக்கிழங்கு அரிப்பதும் ஊசியால்தான் என்றீர்கள். பிறகு திரையில் சூரியன் வந்தது. அதன் மேலும் ஊசி ஊசியாக வாயு எழும்புமாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உயரம் போய், பத்து நிமிடத்துக்குள் அடங்குமாம். அதற்கும் ஸ்பிக்யூல் என்றுதான் பெயராம். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் ஒரு நிமிடம் அழகாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

அன்றைக்கே பஸ் பிடித்து ஓடினேன். மாமாவால் கண்ணைத் திறக்க முடியவில்லை. மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்தை அக்கா விட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, துடைக்கத் துடைக்க ஊசி உள்ளே ஏறியிருக்கிறது, உடனே வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். கருவிழியில் வெள்ளையாகத் தழும்பு விழுந்துவிட்டது.

எங்கள் போட்டு காலையில் கிழக்கே பார்த்துப் போகும். எதிரே சூரியன். பார்வை போனாலும் அந்தக் கண்ணில் வெளிச்சம் பட்டால் குத்துகிறது. இப்போது மாமா கொட்டகையில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அடுத்தவர் வலையைத் தைக்கிறார்.

"சூரியன்ல ஊசி இருக்குதுன்னு உங்க சாரு சொன்னாருன்னியே மச்சான், நெசந்தான்" என்றார் ஒரு நாள். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

உங்களிடம் வந்து கேட்டேன். "நான் தட்டச் சொல்லலையே" என்றீர்கள். உண்மைதான். தூசி இல்லாமல் கொண்டுவரத்தான் சொன்னீர்கள். அன்றோடு வேலையை விட்டு நின்றுவிட்டேன்.

என் தப்பும் இருக்கிறது. என்ன ஏது என்று கேட்காமல் சொன்னதைச் சுமந்தேன். ஊர்க் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அதை ஒப்புக்கொண்டேன். அக்கா இன்றும் எனக்குச் சோறு போடுகிறாள். போதுமா என்று மட்டும் கேட்பதில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அதே ஊசிகளைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று போஸ்டர் பார்த்தேன். நானும் மாமாவும் வருவோம். கறுப்புக் கண்ணாடி போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். முதல் படத்தைப் போடுவதற்கு முன்னால், அத்தனை பேரும் கேட்க மைக்கில் பதில் சொல்லுங்கள். உங்கள் கைக்குக் கையுறை வேண்டும் என்று தெரிந்த உங்களுக்கு, அவர் கண் சிவந்திருக்கிறது என்று நான் சொன்ன அன்றைக்கு, ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று ஒரு வார்த்தை ஏன் வரவில்லை?