அண்ணனிடம் சொல்லாதது

அடி வைப்பதே தெரியாமல் பின்னால் வந்து நிற்பாள் என்பதால், சின்ன வயதில் அண்ணன் வைத்த பெயர் பூனை. நர்ஸான பிறகும் அது விடவில்லை. நோயாளிகளே, "பூனை சிஸ்டர் வரட்டும், அவங்க பிரிச்சா வலிக்காது" என்று கட்டுப் பிரிக்காமல் காத்திருப்பார்கள்.

அண்ணன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஒரே கட்டடத்தில் அவன் குடும்பம் மாடியில், பூனை கீழே. பூனையின் கணவர் கப்பலில் சமையல்காரர்; வருஷத்தில் பாதி நாள் கடல்தான். அந்த நாட்களில் அவளுக்குத் துணை அண்ணிதான். ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டே அண்ணனைக் கேலி செய்கிற நாத்தனாரும் அண்ணியும் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஒரு காலையில், வெளிநோயாளிப் பிரிவில் அடுத்தவரைப் பார்க்கத் திரையை விலக்கிய பூனை அப்படியே நின்றுவிட்டாள். கட்டிலின் ஓரத்தில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அண்ணி.

"மார்புல ஒரு கட்டி மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி. "இன்னைக்கு உனக்கு லீவுன்னு நினைச்சேன்."

பூனை திரையை இழுத்து மூடினாள். அம்மாவைக் கொண்டுபோனது இதே கட்டிதான். அப்போது அண்ணன் மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்தபடி கிடந்தான்.

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவார். முதல்ல டெஸ்ட் எடுத்து ரிசல்ட் வரட்டும். நீயும் மூச்சு விடக்கூடாது."

பூனை நேராக ஹெட் நர்ஸிடம் போய் விஷயத்தைச் சொல்லி, அண்ணியை வேறொரு நர்ஸ் கவனிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

"நல்லது. ஆனா ரிசல்ட் வந்துச்சான்னு கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துடாதே" என்றார் அவர். "உனக்கு அதுல வேலை இல்லை. அவங்க சம்மதம் இல்லாம புருஷன்கிட்டயும் ஒரு வார்த்தை போகக்கூடாது. நோயாளியோட மாமியார்கிட்ட வாய் தவறிச் சொன்ன ஒரு நர்ஸ் பொண்ணு கோர்ட் படி ஏறினதும் தெரியும், லைசென்ஸ் போனதும் தெரியும். உன்னை பயமுறுத்தலை. சொந்தம்னா வாய் சீக்கிரம் திறந்துடும், அதான்."

சட்டம் பூனைக்குப் புதிதில்லை. பரீட்சைக்குப் படித்ததுதான். ஆனால் புத்தகத்தில் அண்ணன் என்று ஒருவன் இல்லை.

அண்ணன் வந்தான். அந்த வாரமே, அவளுடைய ஃபிரிட்ஜில் குளிர் நிற்கவில்லை என்று பார்க்க வந்தவன், பின்பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"உங்க அண்ணியை உங்க ஆஸ்பத்திரி வாசல்ல பார்த்ததா ஒருத்தன் சொன்னான். என்ன விஷயம்?"

"அண்ணிகிட்டயே கேளு."

"கேட்டேன். உன்னைப் பார்க்க வந்தாளாம். முகத்தைப் பார்த்துச் சொல்லலை."

பூனை பாத்திரம் கழுவுவதுபோலத் திரும்பிக்கொண்டாள். "அண்ணா, ஆஸ்பத்திரிக்கு யார் வந்தாலும், வந்தாங்கன்னும் சொல்ல மாட்டேன், வரலைன்னும் சொல்ல மாட்டேன். நாளைக்கு நீயே வந்தாலும் அப்படித்தான்."

"நான் என்ன வழிப்போக்கனா? உன்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவன்டி!"

"தெரியும்."

"அப்புறம்?"

அவள் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள். அண்ணன் ஸ்குரூ டிரைவரைப் பெட்டியில் எறிந்துவிட்டு மாடியேறிப் போனான். ஃபிரிட்ஜ் குடல் சரிந்த மாதிரி நடு வீட்டில் கிடந்தது. பால் திரிந்தது. படியில் எதிரே வந்தாலும் அவன் அவளைக் கண்டுகொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது அறையில் இருந்த கம்ப்யூட்டரை அவள் தாண்டிப் போகாத நாள் இல்லை. அண்ணியின் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். ஒரு மதியம் நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டாள். லைசென்ஸ் நினைவுக்கு வரவில்லை; மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டிருந்த அண்ணிதான் வந்தாள். எழுந்து வந்துவிட்டாள்.

அன்று மாலை மாடியேறி, துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் சொல்ல மாட்டேன் அண்ணி, என்னைக்கும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லிடுங்க. தெரிஞ்சா உடைஞ்சு போவான், சரி. ஆனா தெரியாம தினம் தினம் நொறுங்கிட்டிருக்கான்."

"உன்கூடப் பேசறதில்லையாமே?"

"ஆமா. இப்ப நீங்கதான் எனக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கித் தரணும்."

அண்ணி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. பூனை, மடித்து வைத்த துணிகளை எடுத்து மறுபடி மடித்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அண்ணி சொல்லிவிட்டாள். ரிசல்ட் கேட்க இருவரும் சேர்ந்துதான் போனார்கள். கெட்ட கட்டிதான், ஆனால் சீக்கிரமே பிடிபட்டது, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

ஆபரேஷன் அன்று பூனை லீவு போட்டாள். சீருடை இல்லாமல், சாதாரணப் புடவையில், தியேட்டர் வாசல் பெஞ்சில் அண்ணனுக்கு ஒரு கை தள்ளி உட்கார்ந்தாள்.

"நீ உள்ள போய்ப் பார்க்கலாமே" என்றான் கடைசியில்.

"இன்னைக்கு எனக்கு அங்க வேலை இல்லைண்ணா."

அவன் தலையாட்டினான். "அவ முதல்ல என்கிட்ட சொல்லலையேன்னுதான் கோபம். அதை உன் மேல கொட்டிட்டேன்."

"கொட்டினா என்ன, நான் என்ன கரைஞ்சா போயிடுவேன்?" என்று தொடங்கிய பூனைக்குக் குரல் உடைந்தது. இத்தனை நாளும் வராத அழுகை, அத்தனை பேர் நடமாடும் இடத்தில் வந்தது. அண்ணன் நகர்ந்து வந்து, எண்ணெய்க் கறை போகாத கையால் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான்.

டாக்டர் வெளியே வந்தபோது இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். இன்னும் சிகிச்சை பாக்கி இருக்கிறது. முடி கொட்டும், வாய் கசக்கும். அண்ணி அதையும் தாண்டிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன உடம்புக்கு?" என்று அண்ணனிடம் கிசுகிசுத்தால், அவன் உள்ளறையைக் கைகாட்டுகிறான்.

"அவளே இருக்காளே, அவகிட்ட கேளுங்க."