டீலரோட கஸ்டமர்

என் மனைவி லூசியம்மாளுக்குப் பயம் என்பது காலைக் காப்பி மாதிரி. அது இல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது. கேஸ் சிலிண்டர் மாற்றினால் பயம், கூரியர்காரன் பெல் அடித்தால் பயம், போனில் ஓடிபி வந்தால் மூன்று நாளைக்குப் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நானும் முப்பது வருடமாகக் கேலி செய்துகொண்டிருந்தேன். போன வருடம் அவள் பயந்தது போலவே ஒன்று நடந்தது. அந்த ஒன்பது நாளும் நான் கேலி செய்யவில்லை.

நாங்கள் இருப்பது நெய்வேலி பதினேழாவது பிளாக் குவார்ட்டர்ஸ். நான் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவன், பெர்மனென்ட். அவள் அப்போது பதினொரு வருடமாகத் தெய்வசிகாமணி என்கிற கான்ட்ராக்டரின் ஆபீசில் கிளார்க். பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை அள்ள, சேறு வார, குழாய் தூக்க என்று மைன்ஸுக்கு ஆள் அனுப்புவது அவர் தொழில். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். யார் எந்த ஷிப்ட் வந்தான், இதுவரை எத்தனை நாள் வந்திருக்கிறான் என்று பதிவது லூசியின் வேலை.

இந்த ஊரில் கான்ட்ராக்டர் மாறுவார், ஆள் மாறமாட்டான். அதே ஆள் அதே மண்வெட்டியோடு அதே பெல்ட்டுக்கு அடியில் நிற்பான், சட்டையில் இருக்கும் பெயர் மட்டும் வேறாகும். போகிற கான்ட்ராக்டர் வருகிற கான்ட்ராக்டரிடம் ஒவ்வொருவனின் நாளையும் லிஸ்ட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். லிஸ்டில் இல்லாதவன் ஃப்ரெஷ். பன்னிரண்டு வருடம் கரி அள்ளியவனும் நேற்று வந்தவனும் அப்போது ஒன்று. என்றைக்காவது பெர்மனென்ட் ஆகிவிடலாம் என்று அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது அந்த நாளைத்தான்.

அவர்களில் பாவாடை என்று ஒருவன். மாதம் தவறாமல் முதல் வாரத்தில் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பான். "ஆபீசம்மா, எம்நாளு எவ்ளோ ஆச்சி?"

லூசி சலித்துக்கொண்டே சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் அவன் நாளை எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுத் தருவாள். "இவன் ஒருத்தனுக்கே ஒரு காலண்டர் போதலங்க" என்று வீட்டில் வந்து சொல்வாள். ஒருமுறை அவன், "அப்ப நாங்கெல்லாம் கம்பெனி ஆளுதானம்மா?" என்று கேட்டிருக்கிறான். "இல்ல பாவாட. நீ கான்ட்ராக்டர் ஆளு. கம்பெனிக்கு உன்னத் தெரியாது" என்று இவள் சொல்லியிருக்கிறாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆபீசில் எல்லோரும் சொல்வதை இவளும் சொன்னாள்.

அந்த ஒன்பது நாளுக்கு ஆறு வருடம் முன்னால் தெய்வசிகாமணிக்குக் கம்ப்யூட்டர் ஆசை வந்தது. ஷிப்ட், நாள், கேட்பாஸ் எல்லாம் பார்த்துக்கொள்ளும் சாப்ட்வேர் ஒன்றைச் சென்னைக் கம்பெனி ஒன்று விற்கிறது, நேராகவே வாங்கிவிடலாம் என்றார். லூசிக்கு அதுவும் பயம். முகம் தெரியாத ஊரில், முகம் தெரியாத கம்பெனி. நடு ஷிப்டில் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது?

அப்போது வழிகாட்டிய புத்திசாலி நான்தான். எங்கள் கோவில் பாடகர் குழுவில் அப்போது ஆனந்த்ராஜ் என்று ஒரு பையன் பாடிக்கொண்டிருந்தான். குள்ளஞ்சாவடியில் கடை வைத்து அதே சாப்ட்வேரை டீலராக விற்றுக்கொண்டிருந்தான். கூட்டி வந்தேன்.

"நேரா வாங்குனா ஒங்களுக்கு ஒரு டோல்ஃப்ரீ நம்பர்தான் கெடைக்கும்க்கா. எங்கிட்ட வாங்குனா நானே பஸ் ஏறி வந்துருவேன்" என்றான். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் கூப்பிட்டபோதெல்லாம் வந்தான்.

முதல் நாள் கணக்குத் திறக்கும்போது, "போன் நம்பர் சொல்லுங்கக்கா" என்று கேட்டான். லூசி பதறிப்போனாள். "என் நம்பர் வாணாம் ஆனந்து! ஓடிபி கீடிபி வந்தா எனக்கு நெஞ்சு அடைக்கும். ஒன் நம்பரையே போட்டுக்க." அவனும் சிரித்துக்கொண்டே தன் நம்பர், தன் மெயில், தன் பெயர் என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டான். தெய்வசிகாமணி பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

பழைய ரிஜிஸ்டர்களை எல்லாம் மூன்று மாதம் உட்கார்ந்து லூசி கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஏற்றி முடித்ததும் ரிஜிஸ்டர்களைத் தெய்வசிகாமணி பழைய பேப்பர்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

போன வருடம் கான்ட்ராக்ட் முடிகிற நேரம். முப்பதாம் தேதிக்குள் லிஸ்ட் கொடுக்கவேண்டும். இருபத்தொன்றாம் தேதி காலையில் லூசி கம்ப்யூட்டரைப் போட்டால், வழக்கமான திரைக்குப் பதிலாகச் சிவப்பு எழுத்தில் இரண்டு வரி. உரிமம் முடிந்துவிட்டது, உங்கள் விற்பனையாளரை அணுகவும். ஒன்பது நாளில் புதுப்பிக்காவிட்டால் தகவல்கள் நீக்கப்படும்.

நான் அன்று இரண்டாவது ஷிப்ட், வீட்டில் இருந்தேன். போனில் அவள், "ஒடனே வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஆனந்த்ராஜுக்குப் பதினான்கு தடவை அடித்துவிட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

"சரி, அந்த டோல்ஃப்ரீக்குத்தான் அடி" என்றேன்.

ஸ்பீக்கரில் போட்டாள். பாட்டு முடிந்து ஒரு பெண் வந்தாள். மரியாதையான பெண். கம்பெனிப் பெயர் கேட்டாள், தேடினாள்.

"அப்டி ஒரு கஸ்டமரே இல்லையே மேடம்."

"ஆறு வருஷமா தெனம் இதுலதாம்மா வேல செய்றேன்" என்றாள் லூசி.

ஆனந்த்ராஜ் பெயரைச் சொன்னதும் கிடைத்தது. "இந்த அக்கவுண்ட் அவர் பேர்ல இருக்கு மேடம். நீங்க டீலரோட கஸ்டமர். எங்க கஸ்டமர் இல்ல. எங்களுக்கு உங்களத் தெரியாது. அவர்தான் பேசணும்."

போனை வைத்த பிறகும் லூசி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் பாவாடைக்கிட்ட இப்டித்தாங்க சொன்னேன்" என்றாள். எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது எனக்கும் பயம் வந்துவிட்டது.

தெய்வசிகாமணியிடம் சொன்னோம். "வாங்கிக் குடுத்தது நீங்க ரெண்டு பேரும்தான். முப்பதாந் தேதி லிஸ்ட் வரணும்" என்றார். அவருக்கு அடுத்த கான்ட்ராக்ட் இல்லை. அதனால் அவருக்குப் பயமும் இல்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு லூசியோடு குள்ளஞ்சாவடிக்குப் போனேன். ஆனந்த்ராஜ் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை தொங்கிக்கொண்டிருந்தது. கடை மாறி ஏழு மாதம் ஆகிறது என்றார்கள். வீட்டை விசாரித்துப் போனோம். அவன் மனைவி ஜெனிஷா கதவைப் பாதி திறந்து, எங்களைக் கண்டதும் முகம் வெளிறிப்போனாள். "அவரு வூட்ல இல்லீங்க. எங்கன்னும் தெரியாதுங்க" என்று சாத்திக்கொண்டாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். கதவுக்குப் பின்னால் அழுகிற சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். லூசிக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீஸ் வாசலில் யார் நிழல் தெரிந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாள். ஆட்களுக்கு எப்படியோ விஷயம் கசிந்துவிட்டது. பி.எப். இருக்கிறதே என்று ஒருவன் கேட்டான். அதில் மாதம் இருக்கும், நாள் இருக்காது என்று இன்னொருவன் சொன்னான். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலாம். ஷிப்ட் முடிந்து, கரி அப்பிய முகத்தோடு வந்து வாசலில் நின்று, அவள் கம்ப்யூட்டரை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். திரையில் ஒன்பது எட்டானது, ஏழானது, ஐந்தானது.

நான்கு என்று இருந்த அன்று ஜெனிஷாவே எனக்குப் போன் செய்தாள். மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. "சேத்தியாத்தோப்புல எங்கண்ணன் கூட இருக்காருங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

சேத்தியாத்தோப்பு மார்க்கெட்டில் நெல் மூட்டைகளுக்கு நடுவே ஆனந்த்ராஜ் எடை எழுதிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் நோட்டைக் கீழே போட்டுவிட்டான். ஓடப்போகிறான் என்றுதான் நினைத்தேன். நான்கு நாளாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் என் நாக்கு நுனியில் நின்றது. லூசி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"டீலர்ஷிப்ப எடுத்துட்டாங்கக்கா" என்றான். "டார்கெட் முடிக்கலன்னு போன வருஷமே எடுத்துட்டாங்க. ஒங்ககிட்ட சொல்ல வாய் வரல. வேற வேல கெடச்சிதுன்னா சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்பறம் போன் அடிச்சாலே பயமா இருந்திச்சி. அணைச்சி வச்சிட்டேன்."

அவன் சட்டைப்பையில் அந்தப் போன் இருந்தது. ஆன் செய்யச் சொன்னேன். வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றானே தவிர விரல் அசையவில்லை. லூசிதான் வாங்கி அழுத்தினாள். ஓடிபி என்றால் நடுங்குகிற லூசி. மெசேஜ் மேல் மெசேஜாகக் கொட்டியது. உரிமம் முடியப்போகிறது, முடியப்போகிறது என்று மூன்று மாதமாகக் கம்பெனி எழுதியிருக்கிறது. அத்தனையும் எங்களுக்கு வந்திருக்க வேண்டியவை.

மூட்டை மேலேயே வெள்ளைத்தாளை வைத்து, இந்தக் கணக்கு இவர்களுடையது என்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். "கேஸ் ஆவுமா மாமா?" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டான். ஆகாது என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

சென்னைப் பெண் கடிதத்தைப் பார்த்து, மேலதிகாரியைக் கேட்டு, இரண்டு நாள் இழுத்தடித்தாள். திரையில் ஒன்று என்று வந்தபிறகுதான் கூப்பிட்டாள். இனி நீங்கள் நேரடி கஸ்டமர், உங்கள் நம்பரைச் சொல்லுங்கள் என்றாள். லூசி தன் நம்பரை எண் எண்ணாகச் சொன்னாள். ஓடிபி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டுவிட்டு அதைப் படித்தாள். சாப்ட்வேர் திறந்தது. பதினொரு வருடமும் அப்படியே இருந்தது. நான் வெளியே வந்து தண்ணீர்க் குழாயில் தலையைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

முப்பதாம் தேதி காலையில் புது கான்ட்ராக்டரின் மேனேஜர் சண்முகசுந்தரம் வந்தார். நிதானமான மனிதர். ஆட்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். பெயர் கூப்பிட்டு, நாளைச் சொல்லி, டிக் அடித்தார். இருநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. லூசி அன்றைக்குத்தான் சரியாக மூச்சு விட்டாள்.

"உங்க பேர் எங்கம்மா?" என்றார் அவர்.

லூசிக்குப் புரியவில்லை.

"ஆபீஸ் ஆளையும் நாங்கதான் எடுத்துக்கறோம். லிஸ்ட்ல உங்க பேரு காணலியே. எத்தன நாளு?"

பதினொரு வருடமாக எல்லோருடைய நாளையும் போட்டவள் தன் நாளைப் போடவே இல்லை. ரிஜிஸ்டரிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை. தன்னை அவள் அந்த லிஸ்டில் வைத்துப் பார்த்ததே கிடையாது. அவள்தானே ஆபீஸ். சம்பளமும் வவுச்சரில் கையெழுத்துப் போட்டு வாங்கியது, பி.எப். கிடையாது. தெய்வசிகாமணியைப் பார்த்தாள். அவர், "ரொம்ப வருஷமா இருக்காங்க" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்தார்.

"எழுத்துல ஏதாச்சும் இருந்தாதாம்மா. இல்லன்னா ஃப்ரெஷ்னுதான் போடணும்" என்றார் சண்முகசுந்தரம்.

அந்த ஒன்பது நாளில்கூட லூசியின் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு அடுத்த வருடம் ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். அதற்கப்புறம் எங்களுக்கு அவள் வேலைதான்.

வரிசை கலைந்துகொண்டிருந்தது. பாவாடை மட்டும் திரும்பி வந்தான். சாப்பாட்டுப் பைக்குள் கை விட்டு, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசையில் வைத்தான். இந்த லிஸ்டில் அவன் நாள் குறைந்தால் சண்டை போடுவதற்காகக் கொண்டுவந்திருக்கிறான்.

பிரித்தால் காலண்டர் தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் அவன் நாள், தேதி, லூசியின் கையெழுத்து.

சண்முகசுந்தரம் ஒவ்வொன்றாகத் திருப்பினார். நூற்று முப்பது தாள். "மாசா மாசம் இருக்கு. ரெண்டு மாசம் குறையுதே" என்றார்.

"அது ஊரடங்குங்க" என்றான் பாவாடை. "அப்ப ஆபீஸ் பூட்டிக்கினு இருந்திச்சி. மத்தபடி நான் போய் நின்னப்பல்லாம் அம்மா இருந்தாங்க. ஒரு மாசங்கூட இல்லாம போவல."

அவர் முதல் தாளின் தேதியையும் கடைசித் தாளின் தேதியையும் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, அச்சடித்த லிஸ்டின் கீழே கையால் இருநூற்றுப் பதிமூன்று என்று எழுதி, லூசியம்மாள் என்று எழுதினார். நாள் என்கிற கட்டத்தில், பதினொரு வருடம், இணைப்பு பார்க்க என்று எழுதிவிட்டு, தாள்களை எடுக்கக் கை நீட்டினார்.

பாவாடை கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "ஜெராக்ஸ் எடுத்துக்கினு குடுத்துருங்க சார். இது எம்நாளு."

நான்தான் அவனோடு மெயின் பஜார் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பையன் ஒவ்வொரு தாளாக வைத்து எடுத்துக்கொண்டிருந்தான். சில தாளில் அவள் கையெழுத்து ஓடியிருந்தது, அவசரம் போல. சிலதில் எழுத்து நடுங்கியிருந்தது, காய்ச்சலோடு போயிருப்பாள். என் சர்வீஸ் புக்கில் என் முப்பத்துமூன்று வருடமும் நாள் விடாமல் இருக்கிறது. அவள் எத்தனை நாள் வேலைக்குப் போனாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.