சோப்புப் பானையின் சூடும் என் அடுப்புக் கங்கும்

மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவள் நான். வாக்கியம் கோணலாக வரும். பாதி மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆலைகளில் வேலை செய்த பெண்கள் எழுதித் தரவேண்டும் என்று சங்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். பேசச் சொல்லியிருந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடியிருப்பேன். காகிதம் என் முகத்தைப் பார்க்காது என்பதால் எழுதுகிறேன்.

சுவரிடம் பேசியது

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில் வேலையில் கால் நசுங்கிப்போன என் வீட்டுக்காரரோடு கிள்ளானுக்கு வந்தேன். அங்கே ஒரு சோப்புக் கொட்டாயில் நெருப்புப் போடும் வேலை கிடைத்தது. தேங்காய் எண்ணெயையும் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரையும் பெரிய அண்டாவில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். அடியில் ரப்பர் மரக் கட்டையைத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டியது நான். கொட்டாய்க்குப் பின்னால் குடியிருக்க ஓர் அறை கொடுத்திருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும். நொண்டிக் காலோடு அவர் எங்கே படுப்பார் என்பதுதான் எப்போதும் என் கவலை.

ஒருநாள் முதலாளி புதிதாக ஒரு கெமிஸ்டைக் கூட்டிவந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வெள்ளைக் காற்சட்டை போட்டிருந்தார். எண்ணெயும் காஸ்டிக்கும் சேரும்போது தானாகவே சூடு பிறக்குமாம். அந்தச் சூடு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டால், கட்டை இல்லாமலே சோப்பு காய்ச்சலாமா என்று தெரிந்துவிடுமாம். கட்டை இல்லாவிட்டால் நான் எதற்கு? அது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மற்றது எதுவும் விளங்கவில்லை.

அவருக்கு இரண்டு கையும் கிண்டுவதற்கே சரியாக இருந்ததால், தெர்மாமீட்டரைப் படித்துச் சொல்ல ஆள் தேடினார். இங்கிலீஷ் எண் தெரியும் என்று யாரோ என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள். அண்டாவுக்கு அன்று ஓய்வு, அடுப்பும் எரியவில்லை. அடுப்பு வாயில் காற்றுப் படாது என்று சொல்லி, சாம்பல் மேலேயே ஒரு சின்னப் பானையை வைத்து எண்ணெயையும் ஆறிய காஸ்டிக் தண்ணீரையும் கலந்தார். நான் ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு டிகிரியைச் சொன்னேன்.

"என்ன பிள்ளை, சுவருக்கோ சொல்லுறீர்? எனக்கும் கொஞ்சம் சொல்லும்."

கொட்டாயே சிரித்தது. என் குரல் இன்னும் உள்ளே போய்விட்டது.

கணக்கை அவரே சொல்லித் தந்தார். பானையில் உள்ளதன் எடையை, ஏறிய டிகிரியால் பெருக்க வேண்டும். தண்ணீர் என்றால் அதுதான் கலோரி. எண்ணெய்க்கு ஒன்றைவிடச் சின்னதாக ஓர் எண் உண்டு, அதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். எனக்கு அதெல்லாம் எதற்கு? ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் என் அறையின் கூரை ஓட்டில் ஒன்று கழன்றது போல இருந்தது. "மாரியாத்தா, இந்தப் பாதரசத்தைப் பிடிச்சு நிறுத்து" என்று மனசுக்குள் கும்பிட்டேன். அவள் நிறுத்தவில்லை. அது பாட்டுக்கு ஏறியது.

கெமிஸ்ட் ஐயா புத்தகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், துள்ளினார்.

"முதலாளி, புத்தகத்தில கிடக்கிறதைப் போல இரண்டு மடங்கு! கிள்ளான் தேங்காய்க்கு ஏதோ விசேஷம் இருக்குது."

"நான் அப்பவே சொல்லல? நம்ம தேங்கா நம்ம தேங்காதான் லா!" என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் பார்த்தார். "காத்தாயி, இனிமே அடுப்பு வேணாம் போலருக்கே. மாசக் கடைசி வரைக்கும் இரு, அப்புறம் பாக்கலாம்."

பூனை கத்தியது

பெரிய அண்டாவில் நெருப்பில்லாமல் காய்ச்சிப் பார்க்க நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் நான் அடுப்பைச் சுத்தமாக வாரி, சாணம் கரைத்து மெழுகினேன். போகிறவள் அடுப்பை அழுக்காக விட்டுப் போகக்கூடாது அல்லவா? மெழுகிக்கொண்டே அழுதேன். அழுததில் சாணமே இளகிவிட்டது என்று வீட்டுக்காரர் கேலி செய்தார்.

காலையில் எண்ணெயை ஊற்றினார்கள், காஸ்டிக்கையும் ஊற்றினார்கள். இரண்டு ஆட்கள் துடுப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தார்கள். சோப்பு இறுகவில்லை. எண்ணெய் மேலே மிதந்துகொண்டு எங்களைப் பார்த்தது. வெயில் ஏறிற்று, தெர்மாமீட்டர் ஏறவில்லை. கெமிஸ்ட் ஐயாவின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"எங்க மாஸ்டர் உங்க ரெண்டு மடங்கு? பீப்பா பீப்பாவா ஊத்தியாச்சே!"

"எனக்கும் விளங்கேல்லை முதலாளி. அண்டைக்கு ஏறினதுதானே? இந்தப் பிள்ளைதானே பார்த்துச் சொன்னவ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அந்த நேரம் பார்த்து கொட்டாய்ப் பூனை அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து கத்த ஆரம்பித்தது.

"இது என்னா எழவு, ஓயாம கத்துது?" என்று முதலாளி எரிந்து விழுந்தார்.

நான் தூணிடம் சொன்னேன்: "அது படுக்குற எடம் இன்னிக்கி சூடா இல்லீங்க."

கெமிஸ்ட் ஐயா மெதுவாகத் திரும்பினார். "எந்த இடம்?"

"அடுப்பு வாயிதாங்க. எப்பவும் அங்கதான் சுருண்டு கெடக்கும்."

"நெருப்பில்லாத நாளிலயும் சூடா கிடக்குமோ?"

"நெருப்பு எரியாட்டி என்னங்க? சாம்பலுக்குள்ள கங்கு இருக்கும்ல. அடுப்ப அணைய விடலாமா? மறுநாளு எவ வீட்டுல போயி நெருப்பு கேக்குறது?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. டெஸ்ட் நடந்த அன்று பானைக்கு அடியில் இருந்தது என் கங்கு. முந்தின சாயங்காலம் நான் வாரிக் கொட்டியதும் அதையேதான். புகையாமல் நான் சாம்பலால் நன்றாக மூடி வைத்திருந்தேன், காற்சட்டையில் ஒட்டும் என்று அவர் குனிந்து தொட்டுப் பார்க்கவில்லை. பாதரசத்தை நிறுத்தச் சொல்லி மாரியாத்தாளைக் கெஞ்சிய நானே, கீழேயிருந்து அதைத் தள்ளிக்கொண்டும் இருந்திருக்கிறேன். அவள்தான் என்ன செய்வாள் பாவம்!

கெமிஸ்ட் ஐயா என்னைத் திட்டவில்லை. என் அறை அடுப்பிலிருந்து கங்கு கொண்டுவரச் சொல்லி, அதேபோல் சாம்பலில் புதைத்து, மேலே அதே பானையில் வெறும் தண்ணீரை வைத்தார். தெர்மாமீட்டர் ஏறியது. முதலாளி எட்டிப் பார்த்தார்.

"தண்ணியும் சோப்பாவுதா மாஸ்டர்?"

துடுப்புக்காரர்கள் துடுப்பைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். கெமிஸ்ட் ஐயாவும் சிரித்துவிட்டார். முதலாளிக்குத்தான் மிதக்கிற எண்ணெயைப் பார்த்துச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"காத்தாயி, நெருப்பப் போடு."

அதைவிட இனிய சொல்லை நான் இன்றுவரை கேட்டதில்லை. மெழுகின அடுப்பு என்றும் பார்க்காமல் கட்டையைத் திணித்தேன். சாயங்காலத்துக்குள் சோப்பு இறுகியது.

நார்ப் பெட்டி

அடுத்த டெஸ்ட்டை மேசைமேல் செய்தார். மரப்பெட்டிக்குள் தேங்காய் நாரை அடைத்து, பானையை நடுவில் வைத்து மூடினார். உள்ளே பிறக்கும் சூடு வெளியே போகக்கூடாது, வெளியே உள்ளது உள்ளே வரவும் கூடாதாம். இந்த முறை கணக்கு புத்தகத்தோடு ஒத்துவந்தது. கிள்ளான் தேங்காய்க்கு ஒரு விசேஷமும் இல்லை என்று முதலாளிக்கு ஒரு வாரம் வருத்தம்.

சூடு பிறக்கத்தான் செய்கிறது, ஆனால் தொடங்கிவைக்க நெருப்பு வேண்டும் என்று முடிவானது. பாதிக் காய்ச்சலில் கட்டையை இழுத்துவிட்டு அண்டாவைச் சாக்கால் சுற்றுவோம், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். நெருப்பு வேலையோடு தெர்மாமீட்டர் வேலையும் எனக்கே வந்தது. அறையும் நிலைத்தது. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னால் கெமிஸ்ட் ஐயா, "பிள்ளை, பூனை எங்க?" என்று கேட்பார். பூனை பெட்டிப் பக்கம் வராமல் வேறெங்காவது படுத்திருந்தால்தான் தொடங்குவார்.

நான் கற்றது இவ்வளவுதான்: சூட்டைக் கணக்குப் போடுமுன் பானைக்கு அடியில் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

எண்ணெய்க்குப் பெருக்கும் அந்தச் சின்ன எண் என்னவென்று மறந்துவிட்டது. இரண்டு மடங்கு என்றாரா, அதற்கும் மேல் சொன்னாரா என்பதும் நிச்சயமில்லை. ரசாயனம் படித்த பிள்ளைகள் யாராவது இதைச் சரிபார்த்துத் திருத்திப் போடுங்கள். சந்தேகம் கேட்க நேரில் மட்டும் வரவேண்டாம், நான் சுவரைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.