குடும்பத்தில் நாலு பேர்

போன வாரம் எங்கள் குடியிருப்புத் தாமானுக்குள் ஒரு பெரிய லாரி வந்து நின்றது. பக்கத்து வீட்டு குணாவை கூலிம் தொழிற்சாலையிலிருந்து நாட்டின் தெற்குக் கோடி ஜொகூருக்கு மாற்றிவிட்டார்கள். சாமான் ஏற்ற லாரி, போய் இறங்க வீடு, அடுத்த வருஷம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடித் தர ஒரு ஆள்... எல்லாம் கம்பெனி ஏற்பாடு. குறை சொல்ல முடியுமா?

நானும் சொல்லவில்லை. சத்தியமாக, கொஞ்சம் சந்தோஷம்கூட. இனிக் காலையில் நிம்மதியாகத் தூங்கலாமே!

குணாவுக்கு இரவு ஷிப்ட். மனைவி வசந்திக்கு வேறொரு தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். காலையில் அவள் கம்பெனி பஸ் கிளம்பிய பிறகுதான் அவன் பஸ் வந்து சேரும். மாலையில் அப்படியே தலைகீழ். நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, மகள் தர்ஷினி என் வீட்டு சோபாவில். கூலிமில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் பிள்ளை வளர்கிறது.

லாரி வருவதற்கு முன்பே, இடம் மாறுவது பற்றிப் பேசக் குடும்பத்தோடு கம்பெனிக்கு வரச் சொன்னார்கள். வசந்தி திரும்பி வந்து என் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"குடும்பத்துல எத்தன பேருன்னு அந்த ஆபீஸ் பொண்ணு கேட்டுச்சுக்கா. நாலுன்னு சொன்னேன்."

"நாலா? யாருடி அது?"

"நீங்கதான்லா."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பக்கத்து வீட்டையெல்லாம் கவர் பண்ண முடியாதாம். அங்க எனக்கு வேல கெடச்சாலும் புள்ளய யாருகிட்ட விடுறது? வீட்டுல இருந்து பாத்துக்குங்கன்னு ஈஸியா சொல்றாங்க. இப்பதான்க்கா என்னைய லைன் லீடரா போட்டாங்க..."

கட்டில், பீரோவுக்கெல்லாம் லாரி இருக்கிறது. இவள் வேலையை எதில் ஏற்றுவது?

கடைசியில் குணாதான் முடிவு சொன்னான். "மொதல்ல நான் மட்டும் போறேன்க்கா. பாத்துக்குங்க."

அவ்வளவு பெரிய லாரியில் ஒரு மெத்தை, ஒரு மின்விசிறி, ஒரு ரைஸ் குக்கர் ஏறின. டிரைவர் மற்ற சாமான்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது.

இரவு ஷிப்ட் பஸ் திரும்பி வரும் நேரத்தில் தர்ஷினி இன்னும் ஜன்னலுக்கு ஓடுகிறாள். "அப்பா இதுல வரமாட்டாரா பெரியம்மா?" நான் டிவியைப் போட்டுவிடுகிறேன். வேறென்ன செய்ய? அவள் அம்மா வரும்வரை, நாள் முழுக்க அவள் என்னோடுதான்.

கம்பெனி மாற்றியது குணாவை. ஃபுல் ஷிப்ட் எனக்கு!