கஞ்சிக் கணக்கில் போன காப்பீடு

வெர்லின் ஸ்டக்கிக்கு வாழ்க்கையில் இரண்டு பெருமைகள். ஊரில் பாதிப் பேரின் சட்டையை அவர் சலவைக் கடைதான் வெளுத்தது என்பது ஒன்று. இன்சூரன்ஸ்காரனுக்கு ஒரு டாலர்கூடக் கொடுத்ததில்லை என்பது இன்னொன்று. காருக்கு எடுத்ததை அவர் சேர்த்துக்கொள்வதில்லை; அது அரசாங்கம் கழுத்தைப் பிடித்து வாங்கியது.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து அந்தச் சின்ன ஊரில், காலைக் காபிக்கு உணவகத்தின் ஜன்னலோர மேசையில் கூடும் கிழவர்களுக்கு இந்த இரண்டாவது பெருமை மனப்பாடம்.

"பாஸ்டர் பொண்டாட்டி ஃபெர்ன் என் கடைப் படியில ஐஸ் வழுக்கி விழுந்து இடுப்பை முறிச்சுக்கிட்டாளே, ஒரு செண்ட் கேட்டாளா? வீட்டுல சுட்ட பை பலகாரம் ஒண்ணு கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரைக் கிரீம் பை. முடிஞ்சுது. மனுஷன் மனுஷனா நடந்துக்கிட்டா இன்சூரன்ஸ் எதுக்குடா?"

"பை செஞ்சது உன் பொண்டாட்டி" என்பான் மேசைக் கூட்டாளி கேலார்ட்.

"கொண்டுபோனது யாரு?"

கடையிலிருந்த பழைய உலர்சலவை இயந்திரத்தின் கதவுக்கு ரப்பர் வளையம் போய்விட்டது. புதிது வாங்க வெர்லினுக்கு மனம் வரவில்லை. சைக்கிள் டியூபை அறுத்துக் கட்டினார். கட்டு நின்றது, கசிவு நிற்கவில்லை. சொட்டுச் சொட்டாகச் சலவை மருந்து தரை விரிசலில் இறங்கியது. எழுபதுகளில் தொடங்கி வருடக்கணக்காக இறங்கியது. 'எங்கயோ போகுது, விடு' என்றார் வெர்லின்.

அது எங்கே போனது என்பது, கடையை மூடி, கட்டடத்தை விற்கப் போனபோது தெரிந்தது. வாங்க வந்தவன் மண்ணைத் துளைத்துப் பார்த்தான். மருந்து கடையின் அடியில் குளம் கட்டி, ஊர்க் கிணறுகளை நோக்கி நிதானமாக நடந்துகொண்டிருந்தது. சுத்தம் செய்து கொடு என்றது மாநில அரசு. ஆகும் செலவில் கடை போய்விடும். குடியிருக்கும் வீடும் சேர்ந்து போய்விடும். முட்டி தேய்ந்துபோன அவர் மனைவி அர்டித், மாடிப்படி இல்லாத ஒரு வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருந்தாள். இப்போது படி உள்ள வீடும் இல்லை என்றாகிவிடும் போலிருந்தது.

அவர்களுடைய வக்கீல் ட்ரிஷா கோல்ப் சமையலறையில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள்.

"இப்ப விக்கிற பாலிசி மண்ணுல கலந்த விஷத்துக்குக் காசு தராது. பழசு அப்படி இல்ல. உங்க கடையால அடுத்தவங்களுக்கு நஷ்டம்னா, அது நடந்த காலத்துல இருந்த பாலிசி இன்னைக்கும் பதில் சொல்லணும். எழுபதுகள்ல யார்கிட்ட எடுத்திருந்தீங்க, மிஸ்டர் ஸ்டக்கி?"

வெர்லின் நெஞ்சை நிமிர்த்தினார். "யார்கிட்டயும் இல்லம்மா."

"க்ரீன்லீ மியூச்சுவல் கம்பெனி" என்றாள் அர்டித், பாத்திரம் கழுவிக்கொண்டே.

வெர்லின் திரும்பிப் பார்த்தார். "எந்தக் காசுல?"

"கஞ்சிக் காசுல. நீதான் கணக்குல இன்சூரன்ஸ்ங்கிற வார்த்தையைப் பார்த்தாலே குதிப்பியே. கஞ்சி மாவுன்னு எழுதினேன்."

வெர்லினுக்கு நினைவு வந்தது. கஞ்சிச் செலவு ஏறுகிறது என்று கத்தி, சட்டைக்குப் போடும் கஞ்சியைப் பாதியாகக் குறைத்தவர் அவர். அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் முழுக்கக் காலர்கள் முயல் காதுபோலத் தொங்கின.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்தியிருப்ப."

"பாலிசி எங்க இப்ப?"

"குப்பை வண்டிக்காரன் காசு கேக்குறான்னு கடைக் காகிதத்தை எல்லாம் பீப்பாயில போட்டுக் கொளுத்துனியே, மகராசா, அதுல."

அப்படி ஒரு பாலிசியே எங்களிடம் பதிவில்லை என்று கம்பெனி கையை விரித்தது. விரித்ததோடு நிற்கவில்லை. துப்பு விசாரிக்க ஆள் அனுப்பி உணவகத்தில் காபி குடிக்க வைத்தது. கேட்க ஒரு காது கிடைத்த சந்தோஷத்தில் கேலார்ட், வெர்லினின் பெருமையை முழுதாக ஒப்பித்துவிட்டான்.

"துரோகி!" என்றார் வெர்லின்.

"நீ சொன்னதைத்தானேய்யா சொன்னேன்? ஒரு வார்த்தை மாத்தல."

அர்டித்தின் பேச்சு மட்டும் போதாது, வெளியாள் சாட்சி வேண்டும் என்றாள் வக்கீல். அர்டித் கோட்டை மாட்டிக்கொண்டு, வெர்லினையும் வக்கீலையும் ஃபெர்ன் வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

ஃபெர்னுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. வாய்க்கு மட்டும் வயதாகவில்லை. "என் இடுப்பா? உங்க கம்பெனி ஆளு வந்து செக் கொடுத்துட்டுப் போனான். ஆஸ்பத்திரிக்குப் போக மிச்சத்துலதான் அந்த ஃப்ரீசரை வாங்கினோம். அதுக்குப் பேரே க்ரீன்லீ. சபைக்கே தெரியுமே!"

தெரியும்தான். 'க்ரீன்லீ சோளம்' என்று சொல்லி அவள் கொடுத்த உறைந்த மக்காச்சோளத்தை வெர்லின் எத்தனையோ குளிர்காலம் வெண்ணெய் போட்டுத் தின்றிருக்கிறார்.

"நான் அது ஏதோ பண்ணைன்னு நெனச்சேன்" என்றார். பிறகு மெல்ல, "நீ என்னை மன்னிச்சிட்டன்னும் நெனச்சேன்."

"மன்னிப்பா? விழுந்த கையோட வக்கீலைத்தான் கூப்பிட்டேன். அர்டித் கம்பெனியைக் கூப்பிட்டு முந்திக்கிட்டா, அதனால நீ தப்பிச்ச."

இனி வெர்லின் சத்தியம் செய்து, தன் வாயால் தன் பெருமையை வாபஸ் வாங்க வேண்டியதுதான் பாக்கி. இரண்டு நாள் முரண்டு பிடித்தார். "ஊரு சிரிக்கும், அர்டித்."

"வீடு இல்லாத வாய்ச்சவடால்காரனா இருக்கியா, வீடு இருக்கிற முட்டாளா இருக்கியா? நீயே சொல்லு."

வாக்குமூலத்தன்று அவர் வெள்ளைச் சட்டைக்கு அர்டித் தன் கையால் கஞ்சி போட்டாள். மிச்சம் வைக்காமல் போட்டாள். கழுத்தைத் திருப்ப முடியாமல் அட்டைப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரே கம்பெனி வக்கீல், பக்கத்தில் எல்லாவற்றையும் தட்டச்சு செய்யும் பெண், முதுகுக்குப் பின்னால் அர்டித்.

"இன்சூரன்ஸே எடுத்ததில்லைன்னு ஊர் முழுக்கச் சொல்லியிருக்கீங்க. அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

வெர்லின் தண்ணீர் குடித்தார். காலர் தொண்டையை அறுத்தது.

"ரெண்டும் பொய் இல்ல. என் கடையில என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியல. என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

பின்னாலிருந்து அர்டித்தின் குரல் வந்தது. "ஏம்மா, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கிறியா?"

குறுக்கே பேசக் கூடாது என்றார் கம்பெனி வக்கீல். தட்டச்சுப் பெண்ணுக்கும் கல்யாணமாகி இருபது வருடம் இருக்கும். நிறுத்தி, நிதானமாகப் படித்தாள்.

கம்பெனி கோடை வரை இழுத்தடித்துவிட்டு இறங்கி வந்து பணம் கொடுத்தது. கடைக்குப் பின்னால் இப்போது மண்ணைச் சுத்தம் செய்யத் துளைக்கும் இயந்திரம் ஓடுகிறது. உணவகத்தில் வெர்லின், "நானும் அர்டித்தும் அப்பவே யோசிச்சு…" என்று ஆரம்பித்தால் போதும், மேசை மொத்தமும் ஒரே குரலில் அந்தக் கடைசி வரியைச் சொல்லிக் காட்டுகிறது. புது வீட்டில் மாடிப்படி இல்லை. ஃபெர்ன் கொடுத்த சோளம் குளிர்பெட்டியில் இருக்கிறது.