தேவசகாயம் அண்ணனின் கோணல் ரோல்

தேவசகாயம் அண்ணன் போய்விட்டார்.

மூன்று நாள் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை காலை பாசஞ்சர் ரயில் வந்து நின்ற நேரம், மூச்சும் நின்றுவிட்டது... பொம்மிடியை விட்டுக் கல்யாணமாகிப் போன தோழிகளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் இந்தத் தாள். படித்துவிட்டு அடுத்தவளுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

ரயில் கார்டு துரை வீட்டுச் சமையல்காரர். ரயில்வே லைனில் எல்லோருக்கும் அவர் 'பட்லர்'. எனக்கு அண்ணன். இரண்டு வருஷம் ஒரே அடுப்பில் வேலை பார்த்தோம்.

எனக்கு நான்காம் வகுப்போடு பள்ளி நின்றது. ஆள் முகத்தைப் பார்த்தால் வாய் வராது, உங்களுக்கே தெரியும். ஆனால் மாவு என்னைக் கேள்வி கேட்காது. மாவில் நான் கெட்டிக்காரி... பொம்மிடியில் என் மாவுக்கு இணை கிடையாது, இன்றைக்கும் சொல்வேன்.

என்னை வேலைக்கு விட்ட அன்று அப்பா வாசலில் நின்றுகொண்டே அண்ணனிடம் ஒரு நிபந்தனை போட்டார்.

"உங்க வூட்ல பன்னியும் வேகும், மாடும் வேகும்னு சொல்றாங்க. எம் பொண்ணு கையில அதெல்லாம் படக்கூடாதுங்க. பட்டுச்சுன்னு காதுல விழுந்தா அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருவேன்."

"ஏங்கண்ணா, ஆட்டுக்கறி மட்டுந்தான் புள்ள கைக்கு வரும். மத்ததெல்லாம் எங் கையோட நிக்கும். இது எம் வாக்குங்க."

வாக்கு என்று சொல்வதும் ஒன்று, இரண்டு வருஷம் அதைக் காப்பதும் ஒன்று...

முதல் நாளே கூத்து. சாசேஜ் ரோல் செய்யச் சொன்னார் துரைசானி. சாசேஜ் என்றால், கழுவிய ஆட்டுக்குடலில் கொத்துக்கறியும் மிளகும் அடைத்து விரல் நீளத்துக்கு முறுக்குவது. அதை அண்ணன் செய்து வைத்திருந்தார். "மாவுல சுத்தி வேக வெச்சிரு புள்ள" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

மாவுக்குள் ஒன்றை வைத்தால் எப்படி வேக வைப்பது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இட்லிப் பானையில் அடுக்கி ஆவியில் வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் மூடியைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று இருபது...

"அடிப்பாவி! துரைக்குக் கொழுக்கட்டையா? புள்ளையாரு எங்கடி?"

எனக்கு அழுகை. கூடத்தில் விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தாயிற்று. அவரோ தோசைக்கல்லைப் போட்டார், நெய்யை விட்டார், அத்தனையையும் உருட்டி உருட்டிச் சிவக்க வைத்தார். மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. தட்டு காலியாகித் திரும்பி வந்தது. அதன்பிறகு வழக்கம்போலக் கேக் அடுப்பில் ரோல் வைக்கத் துரைசானி விடவே இல்லை.

நீங்களும் செய்து பாருங்கள், சுலபம். கோதுமை மாவு, உப்பு, ஒரு கரண்டி நெய். பாசஞ்சர் வந்து போகும் வரை மாவை ஊற விடுங்கள். மெல்லிசாகத் தேய்த்து, பட்டையாக வெட்டி, சாசேஜ் மேல் சுற்றி, ஓரத்தில் தண்ணீர் தொட்டு ஒட்டுங்கள். முதலில் ஆவி, பிறகு நெய். பிள்ளைகள் பத்து கேட்பார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு யாரோ மிலிட்டரிக்காரர் டின் டின்னாகப் பன்றி சாசேஜ் அனுப்பியிருந்தார். விருந்துக்கு முப்பது பேர்.

"ஏய் பொண்ணு, எல்லாம் சேத்து சுத்து. டைம் இல்லே" என்றார் துரைசானி.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வராது... அண்ணன் தனியாக ஒரு பலகையை இழுத்துப் போட்டார். டின்னை எல்லாம் தன் பக்கம் நகர்த்தினார். தானே சுற்ற ஆரம்பித்தார்.

கறி அடைப்பதில் ராஜா. மாவில் மட்டும் மனிதர் பூஜ்யம்! ஒவ்வொன்றும் ஒரு கோணல். அறுந்த செருப்பு மாதிரி ஒரு பக்கம் வாய் பிளந்து நின்றது.

தட்டைப் பார்த்து துரை சிரித்தாராம், "யார் மேன் செஞ்சது இது?"

"நாந்தானுங்க துரை. புது மாடல்."

அன்றிலிருந்து அதுதான் கணக்கு. நேராக இருந்தால் ஆடு, கோணலாக இருந்தால் நான் தொடக்கூடாதது. அப்பாவிடமும் சொல்லியிருந்தேன், அவருக்கும் சிரிப்பு.

நேற்று துரை வீட்டில் அண்ணனுக்கு மூன்றாம் நாள் ஜெபம். வருகிறவர்களுக்கு ரோல்தான் வேண்டும் என்றார் துரைசானி. நானே கறிக்கடையில் நின்று ஆட்டுக்கறி வாங்கினேன். நானே கொத்தினேன், நானே அடைத்தேன். நாற்பது. கடைசி ஒன்றை மட்டும் வேண்டுமென்றே கோணலாகச் சுற்றினேன்... அண்ணனுக்காக.

சாயங்காலம் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அழைத்துப் போகத்தான்.

"வாக்குக் குடுத்தவரே போயிட்டாரு. இனிமே எது என்ன கறின்னு யாரு சொல்றது?"

"நாஞ் சொல்றேன்ப்பா."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. துரைசானி பக்கம் திரும்பினேன். "டின் வந்தா நான் தொட மாட்டேனுங்க. ஆட்டுக்கறின்னா எத்தனை பேருக்கு வேணும்னாலும் செய்வேனுங்க."

அவர் தலையாட்டினார்.

அப்பா தட்டைப் பார்த்தார். விரல் நேராக அந்தக் கோணலுக்குப் போனது. "இது?"

"ஆடுதான்ப்பா. நான் சுத்துனது."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். "நாளைக்குக் காலையில வெள்ளனா கொண்டாந்து வுடணுமா?"

உப்பு இனிமேல் சரியாக இருக்கும், அண்ணா. உங்கள் பலகையைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன்.

நல்லபடியாகப் போங்க.