அலாரம் அக்கா தூங்கும் சிலை

பெண்கள் விடுதியில் அவளுக்கு அலாரம் அக்கா என்று பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் வாசல் காவலாளிகூடத் தலையைச் சொறிவான். கதவைப் பூட்டுவது, திறப்பது, மாடிப்படி கூட்டுவது, தண்ணீர்த் தொட்டி நிரம்பியதா என்று பார்ப்பது, இவைதான் சம்பளத்துக்கான வேலை. எழுப்புவது அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது. தேர்வு நாட்களில் வாசல் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அறை அறையாகத் தாழ்ப்பாளில் டங் டங் என்று அடித்துக்கொண்டே போவாள். "எழுந்திருங்கடி! கேள்வித்தாள் என்ன, உங்க கட்டிலுக்கே வந்து கைகட்டி நிக்குமா?" அவள் புண்ணியத்தில் தேர்வைத் தவறவிட்டவள் என்று அந்த விடுதியில் ஒருத்தி கிடையாது.

அப்படிப்பட்டவளைத்தான் பல்கலைக்கழகம் தூங்குகிற சிலையாக்கி நூலக வாசலில் உட்கார வைத்தது. வயிறு எரியாதா?

வளாகம் முழுக்கக் கலை வைக்கிறோம் என்று ஒரு குழு கிளம்பியிருந்தது. பொறியியல் கட்டடத்தின் முன்னால் துருப்பிடித்த இரும்பு வளையங்களை நட்டார்கள். மைதானத்தின் ஓரமாகத் தலையில்லாத ஒரு குதிரை வந்தது. "பாவம், தலை வாங்கக் காசு பத்தலை போல" என்று சிரித்துவிட்டுப் போனவள்தான் அவள். நூலகப் படியில் திரையை விலக்கிய அன்று சிரிப்பு வரவில்லை. வெண்கலத்தில் ஒரு பெண் தூணில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். மடியில் ஒரு போன். ஒரு காலில் செருப்பு கழன்று கிடந்தது. அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அது அலாரம் அக்காவின் செருப்பு; அந்த ஊக்கைக் குத்தியது அவள் கை. சிலைக்கு அடியில் 'ஓய்வு' என்று பலகை வைத்திருந்தார்கள்.

வேலை நேரத்தில் அவள் கண்ணயர்ந்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம் அது. அம்மா போன பிறகு இவள் இடுப்பில் வளர்ந்த தங்கை. ராத்திரியெல்லாம் அவள் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டு, காலையில் நேரே விடுதிக்கு வந்து, தேர்வுக்குப் போகிறவர்களை எழுப்பி அனுப்பிவிட்டு, நூலகப் படியில் கொஞ்சம் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தால் போனில் எடுக்காத அழைப்புகள் வரிசையாக நின்றன. பல்கலைக்கழகத்தின் பின்வாசலைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. விழுந்தடித்து ஓடினாள்.

"அக்கா எங்க, அக்கா எங்கன்னு உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எத்தனை தடவைங்க போன் போடுறது?" என்றாள் நர்ஸ். தங்கையின் முகத்தை மூடியிருந்தார்கள்.

அதிலிருந்து தன்னைத்தானே திட்டாமல் அவளுக்குப் பொழுது போனதில்லை. "ஊரையெல்லாம் எழுப்புற மூதேவி, உன் காதுல என்ன பஞ்சா அடைச்சிருந்துச்சு?" என்று பாத்திரம் கழுவும்போது பேசிக்கொள்வாள். கணவன்தான் சமாதானம் சொல்வான். "விடும்மா. பக்கத்துல ஒரு ஆள் இருந்திருந்தா எழுப்பியிருப்பாங்க. யாரும் இல்ல. நீ என்ன பண்ணுவ?" அந்த 'யாரும் இல்ல' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சோறு தின்றாள்.

சிலையை எடுக்கச் சொல்லிப் பதிவாளரிடம் போய் நின்றாள்.

"அது நீங்க இல்லம்மா. அது உழைப்பு. உழைக்கிற பெண்ணுக்கு நாங்க செய்யுற மரியாதை" என்றார் அவர்.

"உழைப்புக்கு எதுக்கு சார் என் செருப்பு?"

அவர் சிரித்தார். சரி, எடுக்க வேண்டாம், வாயையாவது மூடச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அதுவும் முடியாதாம். சிற்பியின் உரிமையாம். மண்ணாங்கட்டி உரிமை! அவள் முகத்தின்மேல் ஊரில் எல்லோருக்கும் உரிமை உண்டு, அவளுக்கு மட்டும் கிடையாது. பையன்கள் அந்தத் திறந்த வாயில் ஐஸ் குச்சியைச் செருகிவிட்டுப் போவார்கள். காலையில் அதைப் பிடுங்கி எறிவதும் அவள்தான்.

சிலைக்கு ஒரு வயது ஆனதும் சிற்பியைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். படியைச் சுற்றி நாற்காலிகள், ஒலிபெருக்கி, மாலை. விடுதிக் கதவைத் திறந்துவிட்டு, பூட்டும் கையுமாக அவள் கூட்டத்தின் கடைசியில் வந்து நின்றாள். இன்றைக்காவது அந்த மனுஷனிடம் நேரே கேட்டுவிட வேண்டும், வாயை மூடிக்கொடு என்று.

சிற்பி நன்றாகவே பேசினார். "இந்தப் படியிலதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். என்ன ஒரு களைப்பு! எதிர்ல உட்கார்ந்து வரைய ஆரம்பிச்சேன். மடியில போன் அடிக்குது, நிக்குது, மறுபடி அடிக்குது. அவங்க அசையவே இல்ல. எழுப்பலாமான்னு எனக்கே தோணுச்சு. ஆனா எழுப்பிட்டா அந்த முகம் போயிடுமே! கையைக் கட்டுப்படுத்திக்கிட்டு வரைஞ்சு முடிச்சேன்."

எல்லோரும் கை தட்டினார்கள்.

இருந்திருக்கிறான். எதிரிலேயே இருந்திருக்கிறான். அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு படியேறினாள். பூட்டை ஓங்கி வெண்கலத் தோளில் ஒரு போடு போட்டாள். டங்!

"எழுந்திருடி! போன் அடிக்குது, எழுந்திரு! தங்கச்சி கூப்பிடுறா!" டங்! "பாவி, எழுந்திருடி!" டங்!

நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் படம் எடுத்தார்கள். பதிவாளர் காவலாளியைத் தேடினார். பூட்டுச் சத்தத்துக்குப் பழகிய விடுதிப் பெண்கள், பக்கத்திலேயே இருந்த விடுதியில் படுத்திருந்தவர்கள்கூட, அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் பாய்ந்து வந்தவர் சிற்பிதான். இரண்டு கையாலும் சிலையின் தோளைப் பொத்திக்கொண்டார். "அம்மா, அம்மா, வேணாம்! நசுங்கிடும்!"

அவள் பூட்டை இறக்கினாள். அந்தக் கைகளையே பார்த்தாள்.

"இப்ப மட்டும் எப்படி வருது கை? அன்னைக்கு என் தோளைத் தொட வரலையே! என் தங்கச்சி உயிர் போகும்போது என்னைக் கூப்பிட்டா. அந்த போன்தான் அது. நீ அதைக் கேட்டுக்கிட்டே படம் வரைஞ்சிருக்க!"

சிற்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாய் அப்படியே நின்றது. கைகள் இன்னும் சிலையின் தோள்மேல்தான் இருந்தன.